வாடகைதாரர் ஏற்படுத்திய சேதத்தைச் சரிசெய்யச் சொல்லி அறிவிப்பு அனுப்புவது எப்படி?

வாசற்படி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சொந்தமான இரண்டு படுக்கையறை வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாடகை மாதந்தோறும் தவறாமல் வருகிறது. அக்கம்பக்கத்தாரிடமிருந்து எந்தப் புகாரும் வந்ததில்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன, அவர்கள் தொடர்ந்து குடியிருப்பதையே நானும் விரும்புகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

அண்மையில் மின்விசிறி ஒன்றை மாற்றுவதற்காக, முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு, எலக்ட்ரீஷியனை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குச் சென்றேன். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை ஓதம் ஏறியிருந்தது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரல் பட்டதும் உதிர்ந்தது. அதற்குள் பூச்சின் மேல் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. சுவரின் மறுபக்கத்தில், குளியலறைக்குள் முகம் கழுவும் தொட்டிக்கு மேலே, புதிதாக ஒரு கண்ணாடி அலமாரி மாட்டப்பட்டிருந்தது. வீட்டை ஒப்படைத்தபோது அது அங்கே இல்லை. அதற்காகப் போட்ட துளைகளில் ஒன்றில் மட்டும் திருகாணி இல்லை. அந்தத் துளை பசை போட்டு அடைக்கப்பட்டிருந்தது, அதிலிருந்து டைலின் ஓரம் வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. தண்ணீர்க் குழாய் சுவருக்குள் அந்த இடத்தை ஒட்டித்தான் செல்கிறது.

இது தவிர, படுக்கையறைக் கதவின் மேல் கீல், திருகாணிகளோடு பிய்ந்து வந்து, நிலையின் மரமும் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருக்கிறது. கூடத்துச் சுவர்களில் ஆணித் துளைகள் சில இருக்கின்றன, நிறமும் மங்கியிருக்கிறது.

கேட்டபோது, துளையிடும்போது கொஞ்சம் ஈரம் கசிந்தது, உடனே அடைத்துவிட்டோம், ஓதத்துக்குக் காரணம் குழாய் பழையதாக இருப்பதுதான் என்று குடியிருப்பவர் சொன்னார். கதவு காற்றில் அடித்துக்கொண்டதாம். அவர் பொய் சொல்கிறார் என்று நான் கருதவில்லை. ஆனால் செலவு முழுவதும் என் தலையில் விழுவதும் நியாயமாகப் படவில்லை. எழுத்தில் அறிவிப்புக் கொடுப்பதானால் அதில் எவற்றைச் சேர்க்க வேண்டும், எத்தனை நாள் அவகாசம் தர வேண்டும், உறவு முறியாமல் எப்படி எழுத வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சாவிக்கொத்து (பதில்):

வணக்கம். பிறருடைய வாடகை வீடுகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் இத்தகைய கடிதங்களை அடிக்கடி எழுத வேண்டியிருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட மூன்றும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றை ஒரே மூச்சில் ஒரே குற்றச்சாட்டாக எழுதினால் கடிதம் அங்கேயே பலவீனமாகிவிடும்.

கூடத்துச் சுவரின் மங்கலையும் ஆணித் துளைகளையும் கடிதத்திலிருந்து முழுவதுமாக நீக்கிவிடுங்கள். மனிதர்கள் வாழும் வீட்டில் வழக்கமான புழக்கத்தால் வரும் தேய்மானம் அது, அதற்கு வாடகைதாரர் பொறுப்பாக மாட்டார். நியாயமில்லாத ஒரு கோரிக்கையைச் சேர்த்தால், நியாயமான மற்ற இரண்டையும் படிப்பவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். கதவும் நிலையும் சேதம். ஆனால் அவசரம் இல்லாதவை. குழாய்க் கசிவோ ஒவ்வொரு நாளும் சுவரைத் தின்றுகொண்டிருக்கிறது. ஆகவே அதற்குத் தனிக் காலக்கெடுவும், கதவுக்கு வேறொரு காலக்கெடுவும் கொடுங்கள்.

எழுத உட்காருவதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, பழுதுபார்ப்பு, சுவரில் துளையிடுதல், பழுதைத் தெரிவிக்கும் கடமை, அறிவிப்பு அனுப்பும் முறை ஆகியவற்றைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால் வாட்ஸ்அப் செய்தி மட்டும் போதாது. ஒப்பந்தம் எதுவும் சொல்லாவிட்டால், அனுப்பியதற்கும் பெற்றுக்கொண்டதற்கும் சான்று கிடைக்கும் முறை எதுவானாலும் சரி. நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்வதை நான் விரும்புவேன். கடிதத்தோடு ஆளும் வருவதால் பேசித் தீர்க்கவும் வாய்ப்பு இருக்கிறது.

கடிதத்தின் உடல் ஏறக்குறைய இப்படி அமையலாம்:

"தங்களிடம் முன்கூட்டியே தெரிவித்து இன்ன தேதியில் வீட்டுக்கு வந்தபோது பின்வரும் பழுதுகளைக் கண்டேன். குளியலறையில் முகம் கழுவும் தொட்டிக்கு மேலே உள்ள சுவரில் அலமாரி மாட்டுவதற்காகத் துளையிடப்பட்டுள்ளது. அவற்றுள் இடப்பக்கத் துளை பசையால் அடைக்கப்பட்டுள்ளது, அதிலிருந்து டைலில் விரிசல் ஏற்பட்டுள்ளது. அதே சுவரின் மறுபக்கத்தில், படுக்கையறையில், தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை நீர்க்கசிவால் பூச்சு பழுதடைந்துள்ளது. படுக்கையறைக் கதவின் மேல் கீல் பிய்ந்து, நிலையின் மரம் பிளந்துள்ளது. வீட்டை ஒப்படைத்த நாளில் எடுத்த படங்களையும் இப்போது எடுத்த படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். ஒப்பந்தத்தின் இன்ன பிரிவின்படி இவற்றைச் சரிசெய்யும் பொறுப்பு தங்களுடையது என்று கருதுகிறேன். கசிவு நாளுக்கு நாள் சேதத்தைக் கூட்டும் என்பதால், இன்ன தேதிக்குள் தகுதியுள்ள பிளம்பரைக் கொண்டு குழாயைச் சோதித்துச் சரிசெய்யுமாறும், கதவையும் நிலையையும் இன்ன தேதிக்குள் பழைய நிலைக்குக் கொண்டுவருமாறும் கேட்டுக்கொள்கிறேன். கசிவின் காரணம் பற்றித் தங்களுக்கு வேறு கருத்து இருந்தால் இன்ன தேதிக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். இருவரும் உடனிருந்து குழாயைத் திறந்து பார்க்க நான் தயாராக இருக்கிறேன். குறித்த நாளுக்குள் பணி நடைபெறாவிட்டால், நானே ஆள் வைத்துச் செய்து, செலவுக்கான ரசீதுகளைத் தங்களுக்கு அனுப்பி, ஒப்பந்தமும் சட்டமும் இடம்தரும் வகையில் அதைக் கோருவேன்."

இதில் 'அலட்சியம்', 'பொறுப்பின்மை' போன்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் கண்ணால் கண்டது மட்டும் உறுதியாகச் சொல்லப்படுகிறது. துளை குழாயைத் துளைத்ததா என்பது இன்னும் தெரியாததால் அது உறுதியாகச் சொல்லப்படவில்லை. அந்த வீட்டைப் பார்த்தே இராத ஒருவர், ஒரு வருடம் கழித்து இந்தக் கடிதத்தை மட்டும் படித்தாலும், எங்கே என்ன நடந்தது, யார் என்ன செய்ய வேண்டியிருந்தது என்று புரிந்துகொள்ள முடிய வேண்டும்.

நீர்மட்டம் (பதில்):

கட்டுமானப் பணியில் இருப்பவன் என்ற முறையில் கசிவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். காரணத்தை உறுதிசெய்வதற்கு முன் யார்மீதும் செலவைச் சுமத்துவது சரியல்ல. உறுதிசெய்வது அவ்வளவு கடினமான காரியமும் அல்ல.

முதலில் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டர் இருந்தால் அதன் அளவைக் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். யாரும் தண்ணீர் பயன்படுத்தாதபோதும் மீட்டர் நகர்ந்தால், எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கும் வரத்துக் குழாயில்தான் கசிவு. நகராமல் நின்று, குளிக்கும்போது மட்டும் சுவர் நனைந்தால், கழிவுநீர்க் குழாயையோ தரையின் நீர்த்தடுப்புப் பூச்சையோ சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் அலமாரித் துளைக்கும் ஓதத்துக்கும் தொடர்பே இல்லாமல் போகலாம், செலவும் பெரும்பாலும் உரிமையாளருடையதாகிவிடும்.

வரத்துக் குழாய் என்று தெரிந்தால், அடைக்கப்பட்ட துளையைச் சுற்றியுள்ள டைலை மட்டும் எடுத்துவிட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள். துளையிடும் இயந்திரம் பட்ட பிளாஸ்டிக் குழாயில் வட்டமான துளையோ, ஓரமாகச் சீவியெடுத்தது போன்ற பள்ளமோ தெளிவாகத் தெரியும். அது சுவரிலுள்ள துளைக்கு நேராகவும் இருக்கும். பழைய இரும்புக் குழாயாக இருந்து, உள்ளிருந்து துரு அரித்து ஓட்டை விழுந்திருந்தால் அதன் தோற்றமே வேறு: ஓரங்கள் மெலிந்து, சுற்றிலும் துரு படிந்து, பக்கத்திலும் மெலிவு தெரியும். வெட்டியெடுத்த துண்டைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். இருவர் முன்னிலையிலும் படமெடுத்து, தேதி எழுதிய பையில் போட்டு வையுங்கள். காரணம் பற்றிய சச்சரவில் அந்த ஒரு சாண் குழாயை விடச் சிறந்த சாட்சி இருக்காது.

இன்னொன்று. கசிவை நிறுத்திய மறுநாளே பெயிண்ட் அடிக்கச் சொல்லிக் காலக்கெடு வைக்காதீர்கள். ஊறிய சுவர் மெதுவாகத்தான் காயும். செங்கல் சுவருக்கு ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்பது வேலைத்தலத்தில் புழங்கும் பொதுக் கணக்கு, காற்றோட்டத்தைப் பொறுத்து அது கூடவோ குறையவோ செய்யும். காய்ந்துவிட்டதா என்று அறிய, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் ஈரம் கோத்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். பூத்திருக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்து அகற்றுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். ஆகவே அறிவிப்பில் குழாய்க்கு ஒரு நாளும், பூச்சுக்கும் வண்ணத்துக்கும் "சுவர் காய்ந்த பின் இத்தனை நாளுக்குள்" என்று வேறொரு கெடுவும் இருப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஈரத்தின் மேலேயே பூசிவிட்டு "சரிசெய்துவிட்டேன்" என்று சொல்லும் நிலைக்கு அவரைத் தள்ளினால், ஆறு மாதத்தில் அதே இடத்தில் மீண்டும் கொப்புளம் எழும்.

மாடிக்குடியிருப்பு (பதில்):

நான் வாடகை வீட்டில் குடியிருப்பவள். இத்தகைய அறிவிப்பைக் கையில் வாங்கும் பக்கத்திலிருந்தும் சிலவற்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முன்பு குடியிருந்த ஒரு வீட்டில், சமையலறை மேடையில் ஏற்பட்ட பிளவுக்காக எங்களுக்குக் கடிதம் வந்தது. அதில் என்ன பிளவு, எங்கே, எப்போது பார்த்தார்கள் என்று எதுவும் இல்லை; "வீட்டை நாசமாக்கிவிட்டீர்கள், முன்பணம் கிடைக்காது" என்ற மிரட்டல் மட்டுமே இருந்தது. நாங்கள் குடிவருவதற்கு முன்பே அந்தப் பிளவு இருந்ததைப் படத்தோடு காட்டிய பிறகும் அந்தக் கசப்பு போகவில்லை. எழுதுபவருக்கு அது ஒரு கடிதம். பெறுபவருக்கோ, குடியிருக்கும் கூரையே ஆட்டம் காண்பது போன்ற அச்சம். ஆகவே 'ஒப்பந்தம் தொடர்வதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை' என்ற ஒரு வரியை, அது உண்மையாக இருக்கும்போது, தொடக்கத்திலேயே எழுதுங்கள். உங்கள் விஷயத்தில் அது உண்மை என்பதால் சொல்கிறேன்.

தேய்மானக் கணக்கையும் மறந்துவிடக் கூடாது. படுக்கையறைச் சுவருக்கு மீண்டும் வண்ணம் அடிக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வண்ணம் 5 ஆண்டுகள் தாங்கும் என்று எடுத்துக்கொண்டு, அடித்து 4 ஆண்டுகள் ஆகியிருந்தால், வாடகைதாரர் இழக்கச் செய்தது மீதமிருந்த ஓராண்டு மட்டுமே. முழுச் செலவையும் அவரிடம் கேட்பது, உங்கள் பழைய சுவருக்கு அவர் காசில் புதுச் சுவர் வாங்குவதாகிவிடும். குழாய் வேலைக்கும் உடைந்த டைலுக்கும் இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது, ஏனென்றால் அவை இன்னும் நெடுங்காலம் உழைத்திருக்கும். கதவின் நிலையைப் பொறுத்தவரை, கீலின் திருகாணிகள் முன்பே தளர்ந்திருந்தனவா என்று நேர்மையாகப் பாருங்கள். காற்றில் ஒரு முறை அடித்துக்கொண்டதால் நல்ல நிலையிலிருந்த மரம் ஒரு சாண் பிளந்துவிடும் என்று நம்புவது கடினம். ஆனால் நீண்ட நாள் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்த கீல் என்றால் பிளக்கும். அதை அவர்கள் முன்பே உங்களிடம் சொல்லி நீங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால், பொறுப்பு உங்களிடமும் வருகிறது.

வழக்கேடு (பதில்):

சட்டத்தின் பக்கத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். அவகாசம் எத்தனை நாள் என்பதற்கு உலகம் முழுமைக்கும் பொதுவான விடை கிடையாது. வீடு இருக்கும் இடத்தின் சட்டமே அதைத் தீர்மானிக்கிறது. இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாதபோது, உரிமையாளர் நியாயமான நேரத்தில் வந்து பார்வையிட்டுப் பழுதைச் சுட்டி அறிவிப்புக் கொடுக்கலாம் என்றும், அந்தப் பழுது குத்தகைதாரரின் செயலாலோ தவறாலோ நேர்ந்ததானால் அறிவிப்புக்குப் பின் 3 மாதத்துக்குள் அவர் அதைச் சரிசெய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், சேதத்துக்காகக் கொடுக்கப்படும் முதல் அறிவிப்பில், சரிசெய்யவோ நியாயமான செலவைக் கொடுக்கவோ வாடகைதாரருக்கு 7 நாள் இருக்கிறது. கலிபோர்னியாவில், சரிசெய்யக்கூடிய ஒப்பந்த மீறலுக்கு 3 நாள் அறிவிப்பு என்ற வடிவம் இருக்கிறது. 3 நாளுக்கும் 3 மாதத்துக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தை அப்படியே எடுத்து அனுப்புவது ஏன் ஆபத்து என்பது இதிலிருந்தே விளங்கும்.

பொறுப்பின் எல்லையைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் 1953இல் வழங்கப்பட்ட வாரன் எதிர் கீன் வழக்கின் தீர்ப்பில் நீதிபதி டென்னிங் கொடுத்த விளக்கம் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது: வாடகைதாரர் ஒரு நல்ல குடியிருப்பாளர் செய்யக்கூடிய சின்னச் சின்னப் பராமரிப்புகளைச் செய்ய வேண்டும், தாமோ தம் குடும்பத்தாரோ விருந்தினரோ வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ சேதம் விளைவித்தால் அதைச் சரிசெய்ய வேண்டும், ஆனால் காலத்தாலும் நியாயமான தேய்மானத்தாலும் வீடு பழுதடைந்தால் அதைச் சரிசெய்யும் கடமை அவருக்கு இல்லை. உங்கள் குழாய் இந்த இரண்டில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை நண்பர் நீர்மட்டம் சொன்ன சோதனைதான் முடிவுசெய்யும்.

இரண்டு எச்சரிக்கைகள். பழுதைச் சரிசெய்யக் கோரும் கடிதத்தோடு வீட்டைக் காலி செய்யச் சொல்வதைக் கலக்காதீர்கள். அதற்கான நடைமுறை வேறு, அவசரத்தில் எழுதிய ஒரு வரி இரண்டையும் கெடுத்துவிடும். அவர் தாமதித்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது, பூட்டை மாற்றுவது, சொல்லாமல் உள்ளே நுழைவது போன்றவற்றின் பக்கமே போகாதீர்கள். நியாயம் உங்களிடம் இருந்தாலும் அவை உங்களையே குற்றவாளி ஆக்கிவிடும். அத்துடன், "அவர் செய்யட்டும்" என்று காத்திருந்து கசிவை ஓடவிட்டால், தவிர்த்திருக்கக்கூடிய அந்தக் கூடுதல் சேதத்துக்கு அவரிடம் ஈடு கேட்பது கடினமாகும். குறித்த நாள் தாண்டினால், பார்வையிடும் நேரத்தை முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, கசிவையாவது நீங்களே நிறுத்திவிடுங்கள். பணம் யாருடையது என்பதைப் பிறகு ரசீதோடு பேசிக்கொள்ளலாம்.

வாசற்படி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆணித் துளைகளையும் மங்கிய வண்ணத்தையும் நீக்கிவிட்டேன். மீட்டர் சோதனையை அவர் முன்னிலையிலேயே செய்தோம். குழாய்கள் எல்லாம் மூடியிருந்தும் மீட்டர் நகர்ந்ததை அவரும் பார்த்தார். அறிவிப்பை நேரில் கொடுத்தேன், தேதியுடன் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். கீல் சில மாதங்களாக ஆடிக்கொண்டிருந்தது என்றும் எங்களிடம் சொல்லத் தோன்றவில்லை என்றும் அவர் மனைவி சொன்னதால், கதவுச் செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டோம். ஒரு கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. குழாய் வேலைக்குத் தமக்குத் தெரிந்த பிளம்பரையே அழைத்து வருவதாகச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

நீர்மட்டம்:

சம்மதிக்கலாம், செலவு அவருடையதாகும் வாய்ப்பு இருக்கும்போது ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மறுப்பது நன்றாக இருக்காது. ஆனால் மூன்று நிபந்தனைகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுவரைத் திறக்கும்போது நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ உடனிருக்க வேண்டும். பழுதான பகுதியை வெட்டிவிட்டு, ஏற்கெனவே இருக்கும் அதே வகைக் குழாயால் இணைக்க வேண்டும். மேலே பசை தடவி மூடுவதை ஏற்காதீர்கள். இணைப்புக்குப் போட்ட பசை முழுவதும் இறுகிய பின் தண்ணீரைத் திறந்து, அழுத்தத்தில் குறைந்தது ஒரு நாளாவது விட்டுப் பார்க்க வேண்டும், அதுவரை அந்தப் பள்ளத்தைப் பூசி மூடக் கூடாது. அந்த ஒரு நாளும் மீட்டர் சோதனையை மறுபடி செய்யுங்கள். மீட்டர் நகராமல் நின்ற பிறகு, பள்ளம் திறந்திருக்கும்போதே படமெடுத்துக்கொண்டு, அதன் பின் மேஸ்திரியை வரச் சொல்லுங்கள்.

அதே டைல் இப்போது கடையில் கிடைக்காமல் போகலாம் என்பதால், உடைப்பதற்கு முன் அதன் அளவையும் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்கள் பரணில் இருக்கின்றனவா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.